அந்த ‘யாராவது’ யார்?

தாம்பரம் ரயில் நிலையம். காலை எட்டேகால் மணி. கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் நடைமேம்பாலத்தில் கால் வைக்க இடமில்லை. கடற்கரை வண்டி புறப்படப் போகிறது என்று எல்லோருக்கும் ஒரே ஓட்டம்.

படிக்கட்டின் ஓரத்தில் ஒரு பெரியவர் கைப்பிடியைப் பிடித்தபடியே மெல்லச் சரிந்து உட்காருகிறார். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருக்கிறது. கையிலிருந்த மஞ்சள் பை நழுவி இரண்டு படி கீழே விழுகிறது. அதை மிதிக்காமல் தாண்டிப் போகிறார்கள். அந்த அளவுக்குக் கவனமாகத்தான் இருக்கிறார்கள்.

“அம்மா, அந்தத் தாத்தாவுக்கு என்னமோ பண்ணுதும்மா.”

“யாராவது பாப்பாங்க. நீ வா, வண்டி போயிடும்.”

இது குறிப்பிட்ட ஒரு நாளில் நடந்த சம்பவம் அல்ல. தாம்பரத்தில், குரோம்பேட்டையில், பல்லாவரத்தில் எந்தக் காலையிலும் நடக்கக்கூடியது. அந்த அம்மாவைக் கல்நெஞ்சக்காரர் என்று சொல்லிவிட முடியாது. வெயிலில் வாசலில் வந்து நிற்பவருக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்து அனுப்புகிறவராகத்தான் அவர் இருப்பார். ஆனால் அந்த நிமிடத்தில் அவர் வாயில் வந்த சொல் ‘யாராவது’. பாலத்தில் முன்னும் பின்னும் போன அத்தனை பேர் மனத்திலும் அதே சொல்தான் இருந்திருக்கும்.

அத்தனை பேரும் நம்பியிருக்கும் அந்த ‘யாராவது’ யார்?

ஏழு மாத இடைவெளியில் இரண்டு சென்னை

2016 ஜூன் 24, வெள்ளிக்கிழமை. இதே கடற்கரை – தாம்பரம் – செங்கல்பட்டுத் தடத்தில் உள்ள நுங்கம்பாக்கம் ரயில் நிலையம். காலை ஆறரை மணிக்கு மேல் இருக்கும். செங்கல்பட்டு அருகே வேலைக்குப் போவதற்காக வண்டிக்குக் காத்திருந்த 24 வயது மென்பொருள் பொறியாளர், நடைமேடையிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். சுற்றிலும் பயணிகள் இருந்தார்கள். வெட்டியவன் ஓடிப் போனான். நிலையத்தில் அன்றைக்குக் கண்காணிப்பு கேமராவும் இல்லை. அந்தப் பெண்ணின் உடல் சுமார் இரண்டு மணி நேரம் அங்கேயே கிடந்தது. அதை அப்படியே விட்டு வைத்திருந்ததைச் சென்னை உயர் நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது.

அடுத்த பல நாட்களுக்குத் தொலைக்காட்சியிலும் டீக்கடையிலும் ஒரே கேள்விதான். “இத்தனை பேர் இருந்தும் ஒருத்தர்கூட எதுவும் செய்யலையா? சென்னைக்காரங்களுக்கு மனசே இல்லையா?”

மனசு இல்லையா என்ற கேள்விக்கு அதே சென்னை ஏழு மாதத்துக்கு முன்புதான் ஒரு பதில் சொல்லியிருந்தது.

2015 டிசம்பர் முதல் நாள் பெய்த மழை யாருக்கும் மறந்திருக்காது. 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர். அடையாற்றில் வந்த வெள்ளம் முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் பகுதிகளில் வீடுகளுக்குள் புகுந்தது. ராணுவமும் பேரிடர் மீட்புப் படையும் வந்தன. அவர்களோடு கடலோரக் குப்பங்களிலிருந்து மீனவர்கள் தங்கள் படகுகளோடு ஊருக்குள் வந்தார்கள். மாடி வீட்டுக்காரர்கள் கீழ்வீட்டுக்காரர்களை மேலே அழைத்துக்கொண்டார்கள். பள்ளிவாசல், தேவாலயம், கோயில், கல்யாண மண்டபம் எல்லாம் ஒரே இரவில் சத்திரங்களாயின. தெருமுனையில் அடுப்பு வைத்து, யார் எவர் என்று கேட்காமல் சோறு போட்டார்கள்.

வண்டலூரைத் தாண்டி இருக்கும் ஊரப்பாக்கத்தில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருவர் வெள்ளத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டார். அவரைப் படகில் போய் மீட்டவர்களில் ஓர் இளைஞர், அந்தக் குடும்பத்துக்கு முன்பின் தெரியாதவர், முஸ்லிம். சில நாளில் பெண் குழந்தை பிறந்தது. அந்த இந்துப் பெற்றோர் தங்கள் மகளுக்கு அந்த இளைஞரின் பெயரையே வைத்தார்கள். பெண் குழந்தைக்கு ஆண் பெயரா என்று யார் என்ன சொன்னாலும் அவர்களுக்குக் கவலையில்லை.

டிசம்பரில் கழுத்தளவு தண்ணீரில் இறங்கிய அதே ஊர், ஜூன் மாதம் நடைமேடையில் உறைந்து நின்றது. ஏழு மாதத்தில் ஊரின் மனசு மாறிவிடுமா? மாறாது. அப்படியானால் மாறியது வேறு ஏதோ ஒன்று.

கூட்டம் ஏன் உறைகிறது?

இந்தக் கேள்வியை 1964-லேயே அமெரிக்கா கேட்டது. அந்த ஆண்டு மார்ச் 13 அதிகாலை, நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் என்ற இளம்பெண் தன் குடியிருப்புக்கு வெளியே கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். 38 பேர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், ஒருவரும் போலீஸைக் கூப்பிடவில்லை என்று ‘நியூயார்க் டைம்ஸ்’ எழுதியது. உலகமே அதிர்ந்தது.

அந்தச் செய்தி மிகைப்படுத்தப்பட்டது என்று பிற்காலத்தில் தெரியவந்தது. பலருக்குச் சத்தம் மட்டும்தான் அரைகுறையாகக் கேட்டிருக்கிறது. ஒருவர் ஜன்னலிலிருந்து சத்தம் போட்டுக் கொலையாளியை முதலில் விரட்டியிருக்கிறார். பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர், கொலையாளி இன்னும் அங்கே இருக்கிறானா என்றுகூடத் தெரியாமல் ஓடிவந்து, உயிர் பிரியும் நேரத்தில் அந்தப் பெண்ணைத் தாங்கிப் பிடித்திருக்கிறார். ஆனால் ஊருக்கு நினைவில் நின்றது 38 என்ற எண் மட்டும்தான்.

செய்தி தவறாக இருந்தாலும் அது கிளப்பிய கேள்வி சரியானது. ஜான் டார்லி, பிப் லட்டானே என்ற இரண்டு உளவியல் அறிஞர்கள் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். மாணவர்களைத் தனித்தனி அறையில் உட்காரவைத்து, ஒலிபெருக்கி வழியாக ஒருவரோடு ஒருவர் பேசச் சொன்னார்கள். நடுவில் ஒருவருக்கு வலிப்பு வந்ததுபோல் குரல் கேட்கும். அது நடிப்பு என்று மற்றவருக்குத் தெரியாது. ‘நான் ஒருவன்தான் இதைக் கேட்கிறேன்’ என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் உதவிக்கு எழுந்தார்கள். ‘என்னைப் போல இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள்’ என்று நினைத்தவர்களில் எழுந்தது 31 சதவீதம்தான்.

எழாதவர்கள் அலட்சியமாக உட்கார்ந்திருக்கவில்லை. கை நடுங்க, வியர்த்துப்போய், என்ன செய்வது என்று தவித்துக்கொண்டிருந்தார்கள். பொறுப்பு ஐந்து பங்காகப் பிரிந்ததும், யார் பங்கும் எழுந்து நிற்கப் போதுமானதாக இல்லை.

இன்னொரு சோதனையில் அறைக்குள் புகை விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் வெளியே வந்து சொன்னார்கள். கூட இருந்த இரண்டு பேர் எதுவும் நடக்காததுபோல் எழுதிக்கொண்டே இருந்தபோது, பத்தில் ஒருவர்தான் எழுந்தார். கண் எரிகிறது, இருமல் வருகிறது, ஆனாலும் உட்கார்ந்திருந்தார்கள். ‘ஆபத்தாக இருந்தால் அவர் எழுந்திருப்பாரே’ என்று ஒவ்வொருவரும் மற்றவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். அவர் இவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

தமிழில் இதற்கு ஒரு பழைய சொல் இருக்கிறது. கூட்டத்தோடு கோவிந்தா. எல்லோரும் போட்டால் கோவிந்தா, எல்லோரும் மௌனமானால் மௌனம்.

இப்போது முடிச்சூருக்குத் திரும்பிப் பார்த்தால் விஷயம் விளங்கும். வெள்ளத்தில் வேடிக்கை பார்ப்பவர் என்று யாரும் இல்லை. தண்ணீர் எல்லோர் வீட்டுக்கும் வந்தது. ஆபத்தா இல்லையா என்று பக்கத்து முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, தெருவுக்கு ஒருவர் முதலில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினார். அவரைப் பார்த்து அடுத்தவர் இறங்கினார். நடைமேடையில் அந்த முதல் ஆள் இல்லை.

நல்ல செய்தியும் உண்டு. இங்கிலாந்தின் லங்காஸ்டர், நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம், தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் ஆகிய ஊர்களில் தெருக் கேமராவில் பதிவான 219 தகராறுகளை ஆராய்ந்து, 2019-ல் ஓர் ஆய்வு வெளியானது. பத்தில் ஒன்பது சம்பவங்களில், பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவராவது தலையிட்டிருக்கிறார். மனிதர்கள் உதவத் தயாராகத்தான் இருக்கிறார்கள். ஆரம்பித்து வைக்க ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

“குடிச்சிருப்பான், விடு”

ஆரம்பிக்க விடாமல் தடுக்கும் முதல் எதிரி ஒரு வாக்கியம். ஜிஎஸ்டி சாலை ஓரத்தில், பஸ் ஸ்டாப் பெஞ்சில், டாஸ்மாக் இருக்கும் தெருவில் ஓர் ஆண் விழுந்து கிடந்தால், பார்ப்பவர் வாயில் தானாக வருவது: “குடிச்சிருப்பான், விடு.”

பல நேரம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் தள்ளாட்டம், குழறிய பேச்சு, வியர்வை, அர்த்தமில்லாத கோபம் – இத்தனையும் சர்க்கரை நோயாளிக்கு ‘லோ சுகர்’ ஆனாலும் வரும். காலையில் மாத்திரையோ இன்சுலினோ போட்டுவிட்டு, வண்டியைப் பிடிக்கும் அவசரத்தில் சாப்பிடாமல் ஓடி வந்தவருக்கு அது நடக்கலாம். நினைவோடு இருந்து, விழுங்க முடிகிற நிலையில் அவருக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரையோ ஒரு டம்ளர் பழச்சாறோ கிடைத்தால் கால் மணி நேரத்தில் தெளிந்துவிடலாம். கிடைக்காவிட்டால் மயக்கம், வலிப்பு, அதற்கு மேலும் போகலாம்.

பக்கவாதமும் அப்படித்தான். வாய் ஒரு பக்கம் கோணும், ஒரு கை தொங்கும், பேச்சு குழறும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். ‘போதை தெளியட்டும்’ என்று விட்டுவைக்கும் ஒவ்வொரு நிமிடமும் அந்த மனிதரின் கையையோ பேச்சையோ எடுத்துக்கொண்டு போகிறது.

ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் 2016 அக்டோபரில் நடந்தது இதற்குச் சாட்சி. வங்கியின் பணம் எடுக்கும் முகப்பறையில் 80 வயதைக் கடந்த முதியவர் ஒருவர் சுருண்டு விழுந்தார். நான்கு வாடிக்கையாளர்கள், ஒருவர் பின் ஒருவராக வந்து, அவரைச் சுற்றியும் தாண்டியும் போய்ப் பணம் எடுத்துக்கொண்டு போனார்கள். ஐந்தாவதாக வந்தவர்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். முதியவர் பிறகு மருத்துவமனையில் இறந்தார். “வீடில்லாதவர் யாரோ தூங்குகிறார் என்று நினைத்தோம்” என்பது நீதிமன்றத்தில் அவர்கள் சொன்ன சமாதானம். நீதிமன்றம் ஏற்கவில்லை. 2017-ல் மூவருக்கு அபராதம் விதித்தது. அந்நாட்டுச் சட்டப்படி, தனக்கு ஆபத்தில்லாமல் உதவ முடிந்தும் உதவாமல் போவது குற்றம். ஓராண்டு வரை சிறையும் உண்டு.

இந்தியாவில் அப்படிப் பொதுவான சட்டம் இல்லை. விபத்தை ஏற்படுத்திய ஓட்டுநருக்கு, அடிபட்டவரைச் சிகிச்சைக்குக் கொண்டுபோகும் கடமை உண்டு. வழியில் பார்த்தவரைச் சட்டம் கட்டாயப்படுத்தாது. அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்க மனசாட்சி ஒன்றுதான் இருக்கிறது.

போதையில் கிடப்பவர் என்றே வைத்துக்கொண்டாலும், மல்லாந்து கிடந்து வாந்தி எடுத்தால் மூச்சடைத்து உயிர் போகலாம். அவருக்கும் வீட்டில் ஒரு பிள்ளை காத்திருக்கும்.

“கோர்ட்டு, கேஸுன்னு அலையணும்”

இரண்டாவது எதிரி பயம். “ஆக்சிடென்ட் கேஸ்ல கை வெச்சா அவ்வளவுதான். போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, கோர்ட்டுன்னு வருஷக்கணக்கா அலையவிடுவாங்க.” வீட்டுப் பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்த பாடம் இது. ஒரு காலத்தில் அதில் நியாயம் இருந்தது.

ஸ்கூட்டரில் போன ஒருவரைக் கார் அடித்துவிட்டுப் போக, அவரைத் தூக்கிக்கொண்டு ஒருவர் மருத்துவமனைக்கு ஓடினார். ‘இது போலீஸ் கேஸ், இங்கே பார்க்க முடியாது, 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இன்னொரு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்’ என்று அனுப்பினார்கள். போகும் வழியிலேயே உயிர் போனது. அந்தப் பத்திரிகைச் செய்தியை வைத்து பர்மானந்த் கட்டாரா என்பவர் தொடுத்த வழக்கில், 1989-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: முதலில் உயிர், பிறகுதான் போலீஸ் நடைமுறை. அரசு டாக்டரோ தனியார் டாக்டரோ, அவசர சிகிச்சை தருவது அவர் கடமை.

தூக்கி வந்தவரின் நிலைமை சரியாக இன்னும் பல ஆண்டுகள் ஆயின. 2007-ல் உறவுக்காரச் சிறுவன் ஒருவனைச் சாலை விபத்தில் பறிகொடுத்தார் பியூஷ் திவாரி. அடிபட்ட பையன் நெடுநேரம் உயிரோடு சாலையில் கிடந்தும் யாரும் தூக்கவில்லை. அந்த வேதனையில் ‘சேவ் லைஃப் ஃபவுண்டேஷன்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். அந்த அமைப்பு 2012-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2016 மார்ச் 30 அன்று, விபத்தில் உதவுகிறவர்களைப் பாதுகாக்கும் விதிமுறைகள் நாடு முழுவதற்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவே சேர்க்கப்பட்டது. 2020 செப்டம்பரில் அதற்கான விதிகளும் வந்தன.

அவை சொல்வது சுருக்கமாக இதுதான். சாலை விபத்தில் அடிபட்டவரை நல்லெண்ணத்தோடு மருத்துவமனையில் சேர்த்தவர் தன் பெயரையோ முகவரியையோ சொல்ல வேண்டும் என்று போலீஸ் உட்பட யாரும் கட்டாயப்படுத்த முடியாது. சேர்த்துவிட்டு அவர் கிளம்பலாம். நேரில் கண்ட சாட்சியாக வர அவராகவே சம்மதித்தால் மட்டுமே விசாரணை. அதையும் அவருக்கு வசதியான இடத்தில், நேரத்தில், ஒரே தடவையில் முடிக்க வேண்டும். வீட்டுக்குப் போகும் அதிகாரி சீருடையில் போகக் கூடாது. உதவும்போது அறியாமல் ஏதாவது நேர்ந்து அடிபட்டவருக்குப் பாதிப்பு ஏற்பட்டாலும் உதவியவர் மேல் வழக்கு இல்லை. இந்த உரிமைகளை எழுதி ஒவ்வொரு மருத்துவமனை வாசலிலும் வைக்க வேண்டும்.

‘ஆஸ்பத்திரி பில்லை யார் கட்டுவது?’ என்ற பயத்துக்கும் பதில் இருக்கிறது. 2021 டிசம்பர் 18 அன்று, இதே ஜிஎஸ்டி சாலையில் தெற்கே இருக்கும் மேல்மருவத்தூரில், ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தைத் தமிழ்நாடு அரசு தொடங்கியது. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்குபவர் எந்த மாநிலத்தவரானாலும், திட்டத்தில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். கொண்டுவந்து சேர்த்தவரிடம் பணம் கேட்கவே கூடாது.

சரியான நேரத்தில் உதவி உயிர் காத்தவருக்குப் பரிசுத்தொகையும் உண்டு. மத்திய அரசு 2021-ல் 5,000 ரூபாய் என்று ஆரம்பித்தது, 2025-ல் 25,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. பணத்துக்காக யாரும் ஓடி வரப் போவதில்லை. ஆனால் ஒரு காலத்தில் சந்தேகக் கண்ணோடு பார்த்த அரசாங்கம், இன்று முதுகில் தட்டிக்கொடுக்கிறது என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லலாம். அந்தப் பழைய பாடத்தை மாற்றிச் சொல்லிக்கொடுக்கும் காலம் வந்துவிட்டது.

உதவி என்றால் சண்டை போடுவதல்ல

கத்தியோடு நிற்பவன் முன்னால் வெறுங்கையோடு போய் நில் என்று யாரும் யாரையும் கேட்க முடியாது. நுங்கம்பாக்கத்தில் அன்று நின்றவர்களில் கைக்குழந்தையோடு வந்தவர் இருந்திருக்கலாம், முதியவர் இருந்திருக்கலாம். பயப்படுவது குற்றமில்லை.

ஆனால் எதுவும் செய்யாமல் இருப்பதற்கும் உயிரைக் கொடுப்பதற்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது. தள்ளி நின்று சத்தம் போடலாம். போன் செய்யலாம். ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்கு ஓடலாம். தப்பி ஓடுபவன் எந்தப் பக்கம் போனான், என்ன சட்டை என்று மனத்தில் குறித்துக்கொள்ளலாம். ஆபத்து விலகிய பிறகு அருகில் போய் உட்காரலாம், ஒரு துப்பட்டாவையோ துண்டையோ எடுத்துப் போர்த்தலாம். பேருந்தில் ஒரு பெண்ணை ஒருவன் தொந்தரவு செய்தால், அவனோடு மல்லுக்கு நிற்க வேண்டியதில்லை. “வாம்மா, இங்க வந்து உக்காரு” என்று பக்கத்தில் இடம் கொடுத்தாலே போதும். அவன் தனியாகிவிடுவான்.

ராத்திரியில் ஆளில்லாத புறவழிச் சாலையில் கைகாட்டினால் நிறுத்தப் பயமாக இருக்கிறதா? நிறுத்த வேண்டாம். நூறடி தள்ளிப் போய் 112-க்கோ 108-க்கோ இடத்தைச் சொல்லலாம். அதுவும் உதவிதான்.

இதில் எதிலும் சேராத ஒன்று உண்டு: செல்போனை உயர்த்திப் பிடித்து வீடியோ எடுப்பது. குற்றம் நடக்கும்போது தள்ளி நின்று எடுத்த பதிவு போலீஸுக்குப் பயன்படலாம். ஆனால் விழுந்து கிடப்பவரைச் சுற்றிப் பத்து போன் ஓடும்போது ஒரு போன்கூட 108-ஐ அழைக்கவில்லை என்றால், அந்தப் பத்துப் பேரும் எங்கே நிற்கிறார்கள்?

முதல் ஆளாக என்ன செய்யலாம்?

● அருகில் போய்க் குனிந்து, தோளைத் தொட்டு, “ஐயா, என்ன பண்ணுது?” என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியில் கூட்டத்தின் உறைவு பாதி உடைந்துவிடும்.

● “யாராவது போன் பண்ணுங்க” என்று பொதுவாகக் கத்தாதீர்கள். ஒருவரைச் சுட்டிக்காட்டுங்கள். “நீலச் சட்டை அண்ணா, 108-க்கு நீங்க போன் போடுங்க. அக்கா, நீங்க ஸ்டேஷன் மாஸ்டர்கிட்ட சொல்லுங்க.” சுட்டிக்காட்டப்பட்டவர் அதன் பிறகு ‘யாராவது’ அல்ல.

● மயங்கிக் கிடப்பவர் வாயில் தண்ணீர், சோடா, சர்க்கரை எதையும் ஊற்றக் கூடாது. மூச்சுக்குழாயில் போய்விடும். மூச்சு சரியாக இருந்து, அடிபட்ட காயமும் இல்லையென்றால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள்.

● வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தும் இரும்பும் திணிப்பது நல்லெண்ணம்தான். ஆனால் அதனால் பயனில்லை. பல்லுக்கு இடையில் எதையும் வைக்காதீர்கள், அமுக்கிப் பிடிக்காதீர்கள். தலைக்கு அடியில் மெத்தென்று ஏதாவது வைத்து, சுற்றியுள்ள கூர்மையான பொருட்களை நகர்த்துங்கள். அடங்கியதும் ஒருக்களித்துத் திருப்புங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் உடனே ஆம்புலன்ஸ்.

● சாலை விபத்தில் ரத்தம் கொட்டும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். கழுத்தையும் முதுகையும் வளைத்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கி உட்காரவைக்காதீர்கள். தீ, வெள்ளம் போன்ற ஆபத்து இல்லையென்றால் ஆம்புலன்ஸ் வரட்டும்.

● பேச்சு மூச்சில்லாமல் கிடந்தால், நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, பலமாக அழுத்துங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள். கை ஓய்ந்தால் அடுத்தவரிடம் மாற்றிவிடுங்கள்.

● எண்கள்: ஆம்புலன்ஸ் 108. எல்லா அவசரத்துக்கும் 112. ரயிலில், ரயில் நிலையத்தில் 139. பெண்களுக்கு 181. குழந்தைகளுக்கு 1098. முதியோருக்கு 14567.

மறுபடியும் அந்தப் படிக்கட்டு

கடற்கரை – தாம்பரம் தடத்தில் 1931 முதல் மின்சார ரயில் ஓடுகிறது. தலைமுறை தலைமுறையாக ஒரே நேரத்துக்கு, ஒரே பெட்டியில், ஒரே ஜன்னலோரத்தில் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். முகம் தெரியும், பெயர் தெரியாது. பத்து வருடம் எதிரெதிரே உட்கார்ந்து போனவர் ஒருநாள் வராவிட்டால், என்ன ஆனார் என்று கேட்க ஒரு வழியும் இல்லை. அந்நியர் என்ற சொல் இந்தத் தடத்தில் அவ்வளவாகப் பொருந்தாது. தினமும் பார்க்கிறவர், பேசாதவர், அவ்வளவுதான்.

அந்தக் காலைக் காட்சி இப்படியும் முடியலாம்.

மகள் இரண்டு படி இறங்கியவள் நிற்கிறாள். திரும்பி ஏறுகிறாள். மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு பெரியவர் அருகில் குத்துக்காலிட்டு உட்காருகிறாள்.

“தாத்தா, என்ன பண்ணுது? சுகர் இருக்கா உங்களுக்கு?”

பெரியவர் தலையை ஆட்டுகிறார். மாத்திரை போட்டாச்சு, சாப்பிடலை என்பதைச் சைகையில் சொல்கிறார். அவள் நிமிர்ந்து பார்க்கிறாள். “அம்மா, உன் பையில வாட்டர் பாட்டில் இருக்குல்ல, எடு. அண்ணா, கொஞ்சம் அந்தக் கடையில ஒரு ஜூஸ் வாங்கிட்டு வாங்களேன்.”

வண்டி போய்விடும் என்று சொன்ன அம்மாதான் முந்தானையால் பெரியவரின் நெற்றியைத் துடைக்கிறார். ஜூஸ் வாங்க ஒருவர் ஓடுகிறார். இன்னொருவர் நாளிதழை மடித்து விசிறுகிறார். ஐடி கார்டு தொங்கும் ஓர் இளைஞர், கேட்காமலே, வருகிறவர்களைக் கையால் ஒதுக்கி வழி விடுகிறார். பெரியவரின் செல்போனை வாங்கி ஒருவர் வீட்டுக்குப் பேசுகிறார். “பயப்படாதீங்கம்மா, நாங்க இருக்கோம்.”

கீழே கடற்கரை வண்டி கிளம்பிப் போகிறது. பத்து நிமிடத்தில் அடுத்த வண்டி வரும்.

அத்தனை பேரும் இரண்டு நிமிடத்துக்கு முன்னால் அதே பாலத்தில்தான் நடந்துகொண்டிருந்தார்கள். முதலில் ஒரு பெண் குனிந்தாள்.